நகத்துக்கு உரியாதது

அலமாரிக் கதவை மாட்டி முடித்த தச்சர் இசக்கிமுத்து, "கதவுல ஒட்டுன மைக்கா ஜம்முன்னு உக்காந்துட்டு, சார்" என்றதுதான் தப்பாகிவிட்டது.

ரிட்டயர்டான கெமிஸ்ட்ரி வாத்தியார் ஞானதுரை அவரை லேசில் விடவில்லை.

"மைக்கான்னா கல்லு, வே! நகம் பட்டாலே ஏடு ஏடா உரியும்." ஸ்கூல் லேபிலிருந்து கொண்டுவந்து பத்திரமாய் வைத்திருந்த துண்டை எடுத்து உரித்தும் காட்டினார். "நீரு ஒட்டியிருக்கது லேமினேட்டு. தாள் மேல தாளா பசையில முக்கி, சூட்டுல வச்சு அமுக்குனது. நகத்துக்கு உரியவே உரியாது!"

இசக்கிமுத்து வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "சரி சார்" என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை கதவைத் துடைத்த ஞானதுரைக்குப் பகீரென்றது. நகம் பட்ட ஓரத்தில் ஒரு ஏடு எழும்பி நின்றது.

உடனே போனைப் போட்டார். "ஏமாத்திட்டீரேவே! ஒரு நாள் கடக்கரை உப்புக்காத்துக்கே உரியுது. வந்து கழட்டிட்டுப் போம்!"

இசக்கிமுத்து வந்தார். எழும்பிய ஓரத்தைப் பிடித்து சர்ரென்று ஒரே இழுப்பு. கண்ணாடி போன்ற தாள் முழுசாய்க் கையோடு வர, உள்ளே கதவு பளபளத்தது.

"கீறல் விழாம இருக்க கம்பெனியில ஒட்டி அனுப்புத பிளாஸ்டிக் தாள், சார். நேத்தே உரிச்சிருப்பேன். நீங்கதான் உரியவே உரியாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டியளே!"