றஹ்மாவின் கதிரை

"முழங்கால் வலிக்காரி ஸுஜூதுல நெத்தியை நிலத்துல வைக்க மட்டும் இப்பிடி லேசா இறங்குவாளா?"

இரவின் நீண்ட தறாவீஹ் தொழுகை முடிந்து சலாம் கொடுத்த கையோடு ஸஃப்னா ஆரம்பித்துவிட்டாள்.

பள்ளிவாசல்துறை மத்ரஸா மண்டபத்தில் நோன்பு மாதத்துப் பெண்கள் தொழுகை. கடைசி வரிசையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் ரிஃப்கா. நாலு பிள்ளை பெற்று மெலிந்துபோனவள், இடுப்பு வலி என்றாள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மற்றதில் கருவாட்டு வியாபாரி றஹ்மா. முழங்கால் வலி என்கிறாள், அது உண்மையா என்பதுதான் ஊர்க் கேள்வி. அதற்கு முந்திய இஷாத் தொழுகையை நின்று தொழுதவள், தறாவீஹ் தொடங்கியதும் கதிரைக்குப் போய்விடுகிறாள்.

ஸஃப்னாவுக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு தூக்கம் வராது. றஹ்மாவிடம் நேராகவே கேட்டாள்.

"ராத்தா, காலையில லொறிக்குச் சாக்கு ஏத்தினீங்களே. அந்த முழங்கால் இங்க வந்ததும் என்ன ஆகுது?"

"கன நேரம் நிண்டா புடிக்குது" என்றாள் றஹ்மா. சிரித்துக்கொண்டே முஸல்லா விரிப்பை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஸஃப்னாவும் ரிஃப்காவும் ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவர்கள். வழியெல்லாம் ஸஃப்னாவின் வாய் ஓயவில்லை.

"சோம்பல், வேற என்ன. எங்கட மகள் நஸ்ஹாவைப் பாருங்க. பிள்ளை பெத்து நாப்பது நாள் கழியல்ல, ஃபில்டர் தண்ணிக் கேனை இடுப்புல வெச்சிக்கிட்டு வாறாள். பொம்பிளையெண்டா அப்பிடி இருக்கணும்."

ரிஃப்கா நின்றுவிட்டாள்.

"ராத்தா, அவளைத் தூக்க விடாதீங்க."

"ஏன்?"

"நானும் அப்பிடித்தான் தூக்கினன். கடைசிப் பிள்ளை பெத்த கையோட கருவாட்டுக் கூடை. முதல்ல இருமினா ஒண்ணுக்குப் போச்சு. பிறகு அடிவயிறு பாரமா இழுத்துச்சு. ஒரு நாள் குந்தக்குள்ள கையில தட்டுப்பட்டுது. கர்ப்பப்பை இறங்கியிருந்துது."

ஸஃப்னா அவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லல்லியா?"

"எப்பிடிச் சொல்ற? புருஷனுக்கே சொல்லல்ல. துணியைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சன். ஏதோ பாவம் செஞ்சவ மாதிரி ஒரு வெக்கம். நான் நடக்கிறதைப் பாத்து றஹ்மா ராத்தாதான் விசாரிச்சா. அவதான் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனா."

"அங்க என்ன சொன்னாங்க?"

"இது கன பேருக்கு வாறதுதானாம். கர்ப்பப்பையைத் தாங்க உள்ளுக்கு ஒரு றிங் வெச்சிருக்காங்க. ஒண்ணுக்கை அடக்கிற மாதிரி இறுக்கி விடுற பயிற்சியும் சொல்லித் தந்தாங்க. பாரம் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வர விடக் கூடாது, கன நேரம் நிக்கவும் வேணாமாம். பிள்ளை பெத்த நேரமே கவனமா இருந்திருந்தா இவ்வளவுக்கு வந்திருக்காதாம்."

ஸஃப்னா அங்கேயே நின்று மகளுக்குப் போன் எடுத்தாள்.

"நஸ்ஹா, தண்ணிக் கேனை இனி நீ தொடப்படாது. மாப்பிள்ளை தூக்கட்டும். ஏனெண்டு வந்து சொல்றன்."

போனை வைத்தவளுக்கு முகம் கறுத்திருந்தது. பொல்லாதவள் அல்ல, வாய்தான் முந்திவிடும்.

"அப்ப றஹ்மா ராத்தாவுக்கும் இதே சீக்குத்தானா? யா அல்லாஹ், நான் என்னெல்லாம் கதைச்சிட்டன்."

ரிஃப்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அவவுக்கு ஒரு சீக்கும் இல்ல. போன நோன்புக்கு நான் ஒரு நாளும் தறாவீஹுக்கு வரல்ல. தனியா ஒருத்தி கதிரையில இருந்தா எல்லாரும் ஏனெண்டு கேப்பாங்களே, அந்தப் பயம். இந்த முறை, தனக்கு முழங்கால் ஏலாது, ரெண்டு பேரும் சேந்து இருப்பமெண்டு கூப்பிட்டா. நானும் நம்பின மாதிரி இருக்கிறன்."

"அப்ப சும்மாவா கதிரையில இருக்கிறா?"

"சும்மா இல்ல, ராத்தா. கடமையான இஷாவை நிண்டுதான் தொழுறா. நிக்க ஏலுமானவங்க தறாவீஹை இருந்து தொழுதா நன்மையில பாதிதானே கிடைக்கும். அந்தப் பாதியை விட்டுட்டுத்தான் என்ட பக்கத்துல இருக்கிறா."