மௌத்து என்று எழுதாத பத்திரம்

மின்விசிறி சுற்றச் சுற்ற, மதுரங்குளி மண்டபத்து மேசையில் விண்ணப்பம் படபடக்கிறது. றைஸா அதை ஒரு கையால் அமர்த்திக்கொண்டு மறுகையால் முக்காட்டை இழுத்துவிடுகிறாள். முக்காடு சரியாகத்தான் இருக்கிறது, பாருங்கள். தொண்ணூறில் ஆயுத இயக்கம் விரட்ட, மன்னாரைவிட்டு முஸ்லிம்கள் எல்லாரும் தோணியேறி இந்தப் பக்கம் வந்தபோது, கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப்போன புருஷன் இன்னும் வரவில்லை. காணாமற்போனோருக்கென்று வந்த சட்டத்தில் ஒரு பத்திரம் எடுத்தால்தான் மன்னார்க் காணியை மகள் பொறுப்பெடுக்கலாம்.

"கைநாட்ட வைங்களேன் உம்மா," என்று மகள் றிஸ்னா முணுமுணுக்கிறாள். உம்மாவின் விரலில் மை காய்ந்துகொண்டிருக்கிறது.

"வெச்சா நான் இத்தா இரிக்கோணுமா?" என்று றைஸா பெண் உத்தியோகத்தரிடம் கேட்கிறாள். புருஷன் மௌத்தானால், இறந்துபோனால், நாலு மாதம் பத்து நாள் மனைவி வீட்டோடு இருக்கவேண்டிய அந்த இத்தாவை அவள் இதுவரை இருக்கவேயில்லை.

"இல்ல உம்மா. இது மௌத்துப் பத்திரமில்ல. ஆளக் காணல்ல எண்டு மட்டும்தான். அவர் வந்தா ரத்துப் பண்ணலாம்."

வெளியே கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்துப் போகிறது. றைஸா வாசலைப் பார்க்கிறாள். எழும்பப் போய், மறுபடி உட்காருகிறாள். விரலை அழுத்தி ஊன்றிவிட்டு உத்தியோகத்தரைப் பார்க்கிறாள்.

"அப்ப இப்ப இரிக்கிற வீட்டு விலாசத்தப் பெரிசா எழுதுங்க மகள். அவருக்கு இந்த ஊர் தெரியாது."