மச்சானின் முதுகுவலி

“இடுப்பைத் தூக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? எந்திரிங்க, நான் செஞ்சு காட்டுறேன்.”

மணமேல்குடியிலிருந்து கட்டுமாவடிக்கு அக்காவைப் பார்க்க வந்த உமர் பாரூக், வாசலிலேயே நின்றுவிட்டான்.

வீட்டு நடுவில் காற்றடித்த லாரி ட்யூப் ஒன்று கிடந்தது. மேலே சாக்குச் சுற்றித் தைத்திருந்தது. அதிலிருந்து மச்சான் சைபுல்லா எழுந்து, சுவரோரம் சாவகாசமாக உட்கார்ந்து டீயைக் கையில் எடுத்தார். அக்கா ரம்லத் பீவி முந்தானையைச் செருகிக்கொண்டு ட்யூபில் குப்புறப் படுத்தாள். கைகளைத் தரையில் ஊன்றி, மெல்ல முன்னால் உருண்டு, மெல்லப் பின்னால் வந்தாள்.

“மூச்சைப் பிடிக்கக் கூடாது. பாத்தீங்களா?”

“சரியா வெளங்கல. இன்னொரு தடவை செய்யி.”

அவள் மறுபடியும் உருண்டாள்.

“என்ன லாத்தா இது?” என்றான் உமர்.

“வா தம்பி. கூடை தூக்குனதுல மச்சானுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. அறந்தாங்கி டாக்டர் இப்படிச் செய்யச் சொல்லிப் படம் போட்ட தாளு குடுத்திருக்காரு. இவருக்கு மண்டையில ஏறுனாத்தானே? தெனமும் நான்தான் செஞ்சு காட்டுறேன்.”

உமருக்குச் சுருக்கென்றது. விடியுமுன்னே தண்ணீர் இறைத்து, கருவாடு காயப்போட்டுவிட்டு வந்து நிற்பவள் அவள். இவரானால் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்.

மச்சான் வியாபாரத்துக்கு மீன் எடுக்கக் கடற்கரைக்குக் கிளம்பியபோது அவனும் கூடப் போனான்.

ஏலம் முடிந்ததும் சைபுல்லா குனிந்தார். நிறைந்த கூடையை ஒரே மூச்சில் தூக்கி சைக்கிள் கேரியரில் வைத்தார்.

“முதுகுவலிக்காரர் தூக்குற தூக்கா மச்சான் இது?”

சைபுல்லா கூடையைச் சுற்றிக் கயிற்றை இறுக்கினார்.

“வலின்னு பொய் சொல்லி எங்க லாத்தாவை ஆட்டி வைக்கிறீங்க. பெத்த அத்தாகிட்ட சொல்லி அவளைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்.”

“மெதுவாப் பேசு மாப்பிள. போன பெருநாளைக்கு ஒங்க வீட்டுக்கு வந்தப்ப அவ எப்படித் தொழுதா?”

உமர் யோசித்தான். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தொழுதாள். கேட்டதற்கு, அசதி என்றாள்.

“அசதி இல்ல மாப்பிள. முதுகு வளையல. ராத்திரியில பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பா. டாக்டர்கிட்ட வான்னு கூப்பிட்டா, எனக்கென்ன நோவு, வேலை கெடக்குதுன்னுடுவா. கடைசியில நான் மட்டும் போயி அவ நோவைச் சொல்லி, இதைக் கத்துக்கிட்டு வந்தேன்.”

“இப்ப எப்படி இருக்கு?”

“நேத்து நெத்தி தரையில படத் தொழுதா. அல்லா கொணமாக்கிட்டான்னு சொல்லிச் சிரிச்சா.”

உமர் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

“இதை லாத்தாகிட்டயே சொல்லிச் செய்யச் சொல்லியிருக்கலாமே மச்சான்?”

“தனக்குன்னா அவ ஒரு நாளும் அதுல படுக்க மாட்டா மாப்பிள. புருஷனுக்குன்னா, எத்தனை தடவை வேணும்னாலும் செஞ்சு காட்டுவா.”