நாலு விரல் அகலம்

குணசேகரனின் மொட்டைத் தலையைப் பார்த்ததும் அல்லா பிச்சை வாசலிலேயே நின்றுவிட்டார். மூளைத்தண்டில் கட்டியாம், ஆபரேஷனுக்காக லீவு போட்டிருக்கிறானாம் என்று மைன்ஸ் பஸ்ஸில் கேட்ட கையோடு, ஆரஞ்சுப் பையும் தானுமாக அவன் குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்திருந்தார்.

"எந்தப் பக்கமா உள்ள போவாங்களாம்?"

"காதுக்குப் பின்னால பாய். பிடரி வழியா போறதவிட அது கட்டிக்குக் கிட்டயாம்." குணசேகரன் எழுந்தான், ஜன்னல்வரை போனான், திரும்பி வந்து உட்கார்ந்தான். "அப்பவும் முழுங்க முடியாமப் போவலாம்னு பயமுறுத்துறாங்க."

"அல்லா இருக்கான்டா. தைரியமா இரு." பையை அவன் மடியில் வைத்தார். காபித் தட்டோடு வந்த அவன் மனைவி தமயந்தியிடம், "நீ கலங்காதம்மா. உன் புருசன் நல்லபடியா திரும்பி வருவான்" என்றார்.

தமயந்தி சிரித்தாள். உதட்டின் இடது பக்கம் அசையவில்லை.

"கட்டி எனக்குதான் பாய். ஆபரேஷனுக்குக் காதுக்குப் பின்னால நாலு விரல் அகலம் மழிச்சா போதுமாம். நான்தான் சாமிக்கு முழு முடியும் தரேன்னு வேண்டிக்கினு இருந்தேன். எனக்குத் தெரியாம இவரு போய் எனக்குப் பதிலா தன் முடியக் குடுத்துட்டு வந்துட்டாரு."

அல்லா பிச்சை அவசரமாக எழுந்து, அவள் கையிலிருந்த காபித் தட்டை வாங்கிக்கொண்டார்.