கழற்றி மாட்டும் பல்

"எனக்குக் கழட்டி மாட்டுற பல்லே போதும் டாக்டர்."

மூன்றாவது தடவையாக அந்தப் பெண் இதையே சொன்னதும் நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே அத்தனை பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அம்மா என்னடாவென்றால் அடம் பிடிக்கிறாள்!

டாக்டர் பொறுமைசாலி. மறுபடி விளக்கினார். "இங்க பாரும்மா, முன்னாடி மூணு பல்லு இல்ல. எலும்புல திருகு மாதிரி ஒண்ணைப் பொருத்தி, அது மேல பல்லு வெச்சுட்டா சொந்தப் பல்லு மாதிரியே இருக்கும். கழட்டவே வேண்டாம். நீ கேக்குறதை தெனம் ராத்திரி கழட்டித் தண்ணியில போடணும். பேசும்போது ஆடும். கெட்டியா எதையும் கடிக்க முடியாது."

"பரவாயில்ல டாக்டர்."

"செலவைப் பத்தி யோசிக்கிறியாம்மா?" என்றார் பக்கத்தில் நின்ற கணவர். "எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கறேன். டாக்டர், இருக்கறதுலயே நல்லதா போடுங்க. இவ சிரிச்சா வீடே வெளிச்சமா இருக்கும். இப்ப வாயைப் பொத்திக்கிட்டே திரியறா. பாக்க முடியல."

சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. பல் நிறம் பார்க்கிற அட்டையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக மனைவியின் உதட்டோரம் வைத்துப் பார்த்தார். அவளுடைய கைப்பை அவர் தோளில் தொங்கியது.

நர்ஸுக்கு வயிறு எரிந்தது. தன் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறாரே! காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் "சாப்பாடு ஆச்சா?" என்றுதான் கேட்பார். என்ன ஜென்மமோ!

கடைசியில் டாக்டரே அலுத்துப்போனார். "சரி, உன் இஷ்டம்" என்று அச்சு எடுத்து முடித்தார்.

கணவர் பெருமூச்சு விட்டார். "நீ வெயில்ல நடக்க வேணாம். வண்டியை வாசலுக்குக் கொண்டாந்துடறேன்" என்று கிளம்பினார். டாக்டரும் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அச்சு மாவு ஒட்டியிருந்த வாயைத் துடைத்துவிட்டபடியே, இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததை நர்ஸ் கொட்டினாள்.

"ஏம்மா, உனக்கே இது நல்லாயிருக்கா? இப்படித் தாங்குற புருஷன் யாருக்குக் கிடைப்பான்? கொடுத்து வெச்சவ நீ. நல்லது செய்ய வர்ற மனுஷனை இப்படியா நோகடிப்பாங்க?"

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் தாங்குவாருக்கா. உடைச்சதுக்கப்புறம் எப்பவும் இப்படித்தான் அழுவாரு."

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"அட கடவுளே! உங்க வீட்டுல பெரியவங்க யாருகிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன்க்கா. இப்ப நீங்க சொன்னதைத்தான் அவங்களும் சொன்னாங்க."

நர்ஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "அதுக்கும் இந்தப் பல்லுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று மட்டும் கேட்டாள்.

"படியேறி வர்ற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுடும், இன்னிக்கு எப்படி வர்றாருன்னு. கழட்டுற பல்லுன்னா, பத்திரமா எடுத்து வெச்சுட்டுப் போய்க் கதவைத் திறக்கலாம்."