சம்மட்டி விழ வேண்டும்

"சம்மட்டி இன்னிக்கு விழணும். பல்லு ரெண்டு தெறிச்சு விழணும்" என்றார் பூட்டுக்காரர்.

டிவியில் குத்துச்சண்டை பார்க்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலூன்காரர், வாயில் இருந்த டீயை விழுங்க மறந்து போனார்.

"அண்ணே, நீங்களா பேசுறது? பத்து வருஷமா சம்மட்டி சம்மட்டின்னு உயிரை விட்டவரு நீங்க. போன தடவை அவன் தோத்தப்ப கடையையே திறக்கல. சாவியைத் தொலைச்ச சனமெல்லாம் வாசல்ல நின்னு உங்களைத் திட்டிச்சு."

"அது போன தடவை."

"அப்ப அந்தக் குருவிப் பயலா ஜெயிக்கணும்?"

"எவனோ ஜெயிக்கட்டும். இவன் விழணும்."

காரணத்தைச் சலூன்காரரிடம் சொல்ல முடியாது. காரணம், அடுப்படியில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. இருப்பது ஒரு அறை. சனிக்கிழமை சாயங்காலம் சம்மட்டியின் குத்துச்சண்டைக்காக அவர் டிவியைப் போட்டால், முன்பெல்லாம் மனைவி மூஞ்சியைச் சுளிப்பாள். "ரெண்டு தடியனுங்க அடிச்சுக்கிறதைப் பார்க்கிறதுக்கு ஒரு கூட்டம்!" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விடுவாள்.

இப்போது கொஞ்ச நாளாக எல்லாம் மாறிப்போயிருந்தது. சண்டை தொடங்கும் முன்பே வேலையை முடித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். முகம் கழுவி, பவுடர் போட்டு, பெட்டியில் இருக்கிற நல்ல உடுப்பாக எடுத்து உடுத்திக்கொண்டு!

"டிவிக்குள்ள இருக்கிறவனுக்கு நீ தெரியவா போற?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"எனக்கு அவரு தெரியிறாருல்ல? அது போதும்."

அவரு! பூட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. அது சின்ன வயிறும் இல்லை.

அதோடு நிறுத்தினாளா? "என்ன நிமிர்வு பாருங்க! இந்த வயசுலயும் கால் எப்படி ஓடுது! அவரு கை பட்டாப் போதும், எப்பேர்ப்பட்டவனும் ஒதுங்கிடுறான்" என்பாள். சம்மட்டிக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு ஐம்பது. அந்த ஐம்பதை ஒருநாளாவது, ஒரு வார்த்தையாவது அவள் மெச்சியிருப்பாளா?

வெறும் சந்தேகமாக இருக்கட்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஒரு புதன்கிழமை, வேறு ஊரில் வேறு யாரோ மோதிய சண்டையைப் போட்டுவிட்டு, "வாயேன், பார்க்கலாம்" என்று கூப்பிட்டார். வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"இதுல அவரு இல்லையே" என்று போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, சாவி வெட்டும் மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்த சம்மட்டியின் படத்தைக் கிழித்து எறிந்தார். பத்து வருஷப் படம். கிழித்த இடத்தில் சுவர் பளிச்சென்று தெரிந்தது. அது வேறு எரிச்சல்.

"அண்ணி, ஆரம்பிச்சாச்சு!" என்று சலூன்காரர் குரல் கொடுத்தார். அவள் ஓடி வந்து உட்கார்ந்தாள்.

முதல் மூன்று சுற்றும் சம்மட்டி சும்மா சுற்றி வந்தான். நான்காவது சுற்றில் குருவி எங்கிருந்து விட்டான் என்றே தெரியவில்லை. தாடையில் ஒரு குத்து. சம்மட்டி, மூட்டை சரிந்த மாதிரி மல்லாந்தான்.

"எந்திரிடா! அடப்பாவி, எந்திரிடா!" என்று சலூன்காரர் துள்ளினார். "சின்னப் பயகிட்ட போய் விழுந்து கிடக்கிறானே! இவனுக்காகவா நான் தொண்டை கிழியக் கத்தினேன்?"

பூட்டுக்காரர் திரையைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியின் விளிம்புக்கே வந்துவிட்டாள். உதடு அசைந்தது. "அஞ்சு... ஆறு... ஏழு..."

எழுந்துவிட மாட்டானா என்று தவிக்கிறாள். தவிக்கட்டும்!

பத்து ஆயிற்று. சம்மட்டி எழவில்லை.

"இன்னியோட முடிஞ்சுது. இனி இவன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சலூன்காரர் வெளியே போனார்.

பூட்டுக்காரருக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பேர் பிடித்துத் தூக்க, கால் தரையில் இழுபடப் போனவனைப் பார்த்ததும் அது வரவில்லை. பத்து வருஷமாகத் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஆள். இவர் கேட்டபடியே விழுந்துவிட்டான். போகட்டும். பெண்டாட்டி தனக்குத் திரும்பக் கிடைத்தாள் அல்லவா?

மெல்ல அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை வைத்தார்.

"விடு, அழாத. உன் சம்மட்டி காலம் முடிஞ்சு போச்சு. வயசாயிடுச்சுல்ல."

அவள் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. முகம் பூரித்துப் போயிருந்தது.

"சம்மட்டியா? அடிச்சுக்கிறவனுங்களை எவ பார்த்தா?" என்றாள். திரையில் குருவியின் கையைத் தூக்கிப் பிடித்தபடி, நரைத்த மீசையும் வெள்ளைச் சட்டையுமாக நிமிர்ந்து நின்றார் நடுவர். அவள் கண் மறுபடி அங்கே போய் ஒட்டிக்கொண்டது. "சனிக்கிழமை சண்டைக்கெல்லாம் இனிமேலும் அவருதானாம்!"

அந்த மேடையில் எவன் எவனை வேண்டுமானாலும் அடித்துச் சாய்க்கலாம், இந்த ஒரு ஆளைத் தவிர என்பது அப்போதுதான் பூட்டுக்காரருக்கு உறைத்தது.