வேலியில் ஒரு கையுறை

லண்டனிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு ஒஸ்லோ பார்க்க வந்த ராகவிக்கு ஊர் ஒரேயடியாகப் பிடித்துப்போயிற்று. பிள்ளைகள் பனியில் தவறவிடும் கையுறைகளைக்கூட, கண்டவர்கள் எடுத்துப் பூங்கா வேலியில் செருகிவிட்டுப் போகிறார்கள். என்ன அருமையான சனம்!

அப்படிச் செருகியிருந்த ஒரு நீலக் கையுறைக்குள் ‘ஆரபி’ என்று தமிழில் தைத்திருந்தது. ராகவியின் கைத்தையல்தான். ஆனால் மகள் ஆரபியின் இரண்டு கைகளிலும் நீலக் கையுறைகள் இருந்தன. ராகவி விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

“வைச்சிடுங்கோ அம்மா, அவா தேடி வருவா,” என்றாள் ஆரபி.

டிராம் புறப்பட்டதும் சின்னவன் யன்னலில் முகத்தை வைத்து அழத் தொடங்கினான். “அம்மா, அக்காவை விட்டிட்டுப் போறம்!”

வேலியோரம் ஒரு சிறுமி கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். ராகவியின் மடியில் இருந்த ஆரபி திரும்பிப் பார்க்கவில்லை.